வீட்டுத் தண்ணீர்: எங்கே மிச்சம் பிடிப்பது, எதை மறுபடி பயன்படுத்துவது

கேள்வி இதுதான்: வீட்டில் அன்றாடம் தண்ணீரை மிச்சம் பிடிக்க என்னென்ன செய்யலாம்? ஒருமுறை பயன்படுத்திய தண்ணீரை மறுபடி எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது? வாடகை வீட்டில் இருப்பவர்களும் செய்யக்கூடிய வழிகள் உண்டா? கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் வரிசை ரொம்ப முக்கியம். காய்கறி கழுவிய இரண்டு லிட்டரைப் பத்திரமாகச் சேர்த்துச் செடிக்கு ஊற்றுகிற வீட்டிலேயே, கழிப்பறைத் தொட்டியிலிருந்து நாளுக்கு நூறு லிட்டர் சத்தமில்லாமல் கசிந்து போவதுண்டு. அந்த அக்கறை பாராட்டத்தக்கதுதான். ஆனால் முதலில் கசிவை நிறுத்த வேண்டும், அடுத்துச் செலவைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் மறுபயன்பாடு. இந்த வரிசையை மாற்றினால் உழைப்பு கூடும், மிச்சம் குறையும்.

ஒரு நாள் உட்கார்ந்து அளந்து பாருங்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம், அளவு தெரிந்த ஒரு வாளியும் செல்போன் கடிகாரமும் போதும். ஷவரை நீங்கள் வழக்கமாகத் திறக்கும் அளவுக்குத் திறந்து, கீழே 10 லிட்டர் வாளியை வையுங்கள். 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டுகிறது என்று அர்த்தம். எட்டு நிமிடம் குளித்தால் 120 லிட்டர். இதே மாதிரி வாஷ்பேசின் குழாய், சமையலறைக் குழாய் எல்லாவற்றையும் பாருங்கள். ஃப்ளஷ் தொட்டியின் கொள்ளளவு பெரும்பாலும் அதன் மேலேயே எழுதியிருக்கும். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அதன் கையேட்டில் இருக்கும். வீட்டில் எத்தனை பேர், எத்தனை தடவை என்று பெருக்கிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் குளியலும் கழிப்பறையும் துணி துவைப்பதும்தான் முன்னால் நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆகும் தண்ணீர் அவற்றுக்கு முன் ஒன்றுமே இல்லை.

அந்தக் கணக்கை எதோடு ஒப்பிடுவது? குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் வரை வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் அணைகள் வற்றி, குழாய்களை அடைத்துவிடும் நிலைக்குப் போனபோது, அங்கே ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான் என்று வரம்பு வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தில் 2007இல் கடும் வறட்சியின்போது 140 லிட்டர் என்று இலக்கு வைத்து, நான்கு நிமிடத்தில் குளியலை முடியுங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். உங்கள் வீட்டுக் கணக்கு 200, 250 என்று வந்தால், வசதி எதையும் இழக்காமலே நிறையக் குறைக்க இடம் இருக்கிறது.

சரி, கசிவு. தண்ணீர் மீட்டர் இருந்தால் இரவு எல்லோரும் படுக்கும் முன் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பாருங்கள். இடையில் யாரும் தண்ணீர் பயன்படுத்தாமலே எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. (மொட்டைமாடித் தொட்டி இருக்கும் வீடுகளில் அது அந்த நேரத்தில் நிரம்பக்கூடாது, அதற்குப் போகும் வால்வை அடைத்துவிட்டுப் பாருங்கள்.) மீட்டர் இல்லாதவர்களும், மேல்தொட்டியிலிருந்து குழாய்களுக்குத் தண்ணீர் வருபவர்களும் அந்தத் தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு, உள்ளே வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு இதே சோதனையைச் செய்யலாம்.

கசிகிறது என்று தெரிந்துவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃப்ளஷ் தொட்டியைத்தான். தொட்டிக்குள் உணவுக்கு நிறமூட்டும் சாயம் சில சொட்டுகள் விடுங்கள். கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. பிறகு கழிப்பறைக் கோப்பையைப் பாருங்கள். அதில் நிறம் தெரிந்தால் தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. அந்த ரப்பர் நாளாக நாளாக விறைத்துப்போகும், அல்லது அதன் விளிம்பில் உப்புப் படியும். துடைத்துப் பார்த்தும் சரியாகாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். மலிவான பொருள், மாற்றவும் சில நிமிடம் போதும். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால், தொட்டியின் நடுவில் நிற்கும் வழிகுழாயைப் பாருங்கள். நீர்மட்டம் அதன் வாய்க்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். அதன் வாய் வரை ஏறி உள்ளே வழிந்தால் மிதவையை இறக்கி வையுங்கள். சொட்டும் குழாய் கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளுக்குச் சுமார் 20 லிட்டர் போகும். ஆனால் கழிப்பறைத் தொட்டியின் ஓயாத கசிவு அதைவிடப் பல மடங்கு, கண்ணுக்கும் தெரியாது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிவதும் இந்தக் கணக்கில்தான் வரும். மோட்டாரைப் போட்டுவிட்டு மறப்பதற்கு மனிதர்களைத் திட்டுவதில் பயனில்லை, மிதவை சுவிட்சோ நிரம்பியதும் ஒலிக்கும் மணியோ வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

அடுத்து, குழாய்கள். வாஷ்பேசின் குழாயின் நுனியில் திருகி மாட்டும் ஏரேட்டர் என்ற சிறு வலைமூடி, தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும். கையில் விழும் உணர்வு அவ்வளவாகக் குறையாது, ஆனால் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டிய குழாய் 6 லிட்டரிலோ அதற்கும் கீழோ வந்து நிற்கும். வாங்கும்போது உங்கள் குழாய்க்கு உள்திருகா வெளித்திருகா, என்ன அளவு என்று பார்த்து வாங்குங்கள். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு எல்லோருக்கும் வெறுத்துப்போகும். வாளி பிடிக்கிற குழாய்க்கு ஏரேட்டர் போடாதீர்கள். வாளிக்கு வேண்டியது அதே அளவுதான்; நிரம்ப நேரம் ஆகும், மிச்சம் எதுவும் ஆகாது.

காசே இல்லாத வழி ஒன்று உண்டு, பலர் அதை யோசிப்பதில்லை. வாஷ்பேசினுக்குக் கீழே சுவரிலிருந்து குழாய்க்குப் போகும் இடத்தில் ஒரு சின்ன ஆங்கிள் வால்வு இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே மேலே குழாயின் வேகத்தைப் பாருங்கள். கை கழுவ வசதியாக இருக்கும் அளவில் நிறுத்திவிடுங்கள். இனி யார் வந்து குழாயை முழுசாகத் திறந்தாலும் அதற்கு மேல் வராது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இதன் அருமை தெரியும். உடனடியாகச் சூடாக்கும் வகை வாட்டர் ஹீட்டருக்குப் போகும் வரிசையில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். தண்ணீர் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அந்த வகை ஹீட்டர் சூடாக்கவே தொடங்காது.

கழிப்பறையில் பழைய தொட்டிகள் ஒரு தடவைக்கு 10 முதல் 13 லிட்டர் வரை எடுக்கும். இரண்டு பொத்தான் வைத்த தொட்டி 1980இல் ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனத்தில் உருவானது. அப்போது முழு ஃப்ளஷுக்கு 11 லிட்டர், பாதிக்கு ஐந்தரை. இன்று 6க்கு 3 என்பது சாதாரணம். நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு ஐந்து தடவை என்று வைத்துக்கொண்டால், 10 லிட்டர் தொட்டிக்கு நாளுக்கு 200 லிட்டர். 6, 3 தொட்டியில் ஆளுக்கு ஒரு முழு, நான்கு பாதி என்றால் மொத்தம் 72. தொட்டியை மாற்ற முடியாதவர்கள் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி இறுக மூடி, தொட்டிக்குள் மிதவையில் இடிக்காத மூலையில் வைக்கலாம். ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் மட்டும் வைக்காதீர்கள், அது கரைந்து துகள் போய் வால்வைக் கெடுக்கும். ஏற்கனவே 6 லிட்டர் தொட்டியாக இருந்தால் பாட்டிலும் வேண்டாம். சரியாகப் போகாமல் இரண்டாவது தடவை அழுத்த வேண்டிவரும், மிச்சம் பிடித்தது மாதிரியே இருக்காது.

குளியலில் வாளியும் மக்கும் இன்றைக்கும் தோற்கடிக்க முடியாத ஏற்பாடு. 20 லிட்டரில் ஒருவர் நிம்மதியாகக் குளிக்கலாம். ஷவர்தான் வேண்டும் என்பவர்கள் நிமிடத்துக்கு 8, 9 லிட்டருக்கு மேல் போகாத தலையை மாட்டுங்கள், சோப்புப் போடும் நேரத்தில் மூடுங்கள். வெந்நீர் வரும் வரை சும்மா ஓடவிடுகிற குளிர்ந்த தண்ணீரைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள குழாயில் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 180 மில்லிலிட்டர் தண்ணீர் நிற்கும். ஹீட்டர் 15 மீட்டர் தள்ளி இருந்தால் ஒவ்வொரு குளியலுக்கும் இரண்டரை லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. குழாய்க்கடியில் ஒரு வாளி நிரந்தரமாக இருந்தால் அது அப்படியே கிடைக்கும். இதில் சோப்பு இல்லை, அழுக்கு இல்லை. துணி ஊறவைக்க, தரை துடைக்க, செடிக்கு விட என்று எதற்கும் எடுக்கலாம்.

துணிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரம் நிரம்பும் வரை காத்திருங்கள், அதிக நுரை வந்தால் அலசத் தண்ணீர் கூடுதலாகும் என்பதால் டிடர்ஜென்ட்டை அளந்து போடுங்கள். முன்பக்கம் திறக்கும் இயந்திரம் பொதுவாக மேலே திறப்பதைவிடக் குறைவான தண்ணீரில் துவைக்கும். பாத்திரத்தில் ஒட்டியதைக் காய்வதற்கு முன் வழித்துவிட்டு, ஓடும் குழாயில் தேய்க்காமல் ஒரு தொட்டியில் சோப்புத் தண்ணீர், ஒரு தொட்டியில் அலசும் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் பாதிக்கு மேல் குறையும்.

இப்போது மறுபயன்பாட்டுக்கு வருவோம். இங்கேதான் நல்ல எண்ணத்தோடு செய்வது சில சமயம் செடியைக் கெடுக்கும், வீட்டை நாறடிக்கும். வீட்டில் வெளியேறும் தண்ணீர் எல்லாம் ஒரே ரகம் இல்லை. வெந்நீருக்காகக் காத்திருந்த தண்ணீர், காய்கறி கழுவியது, ஏசியிலிருந்து வடிவது ஆகியவை ஏறக்குறைய சுத்தமானவை. குளித்தது, கை கழுவியது, துணி அலசியது அடுத்த படி. பாத்திரம் கழுவியது அதற்கும் கீழே, எண்ணெயும் உணவுத் துகளும் இருப்பதால். கழிப்பறைத் தண்ணீர் இந்தப் பேச்சிலேயே வராது. குழந்தையின் மலத்துணி அலசியது, தொற்று நோயாளியின் துணி துவைத்தது இரண்டும் அதோடு சேர்த்தி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில விதிகளில், மறுபடி பயன்படுத்தத் தகுந்த சாம்பல் நீர் என்ற வகையில் சமையலறைத் தொட்டித் தண்ணீரைச் சேர்ப்பதே இல்லை.

சோப்போ அழுக்கோ கலந்த தண்ணீரை 24 மணி நேரத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். அதில் இருக்கும் தோல் செதில், வியர்வை, அழுக்கு எல்லாம் கிருமிகளுக்குச் சாப்பாடு. அவை தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வகை பெருகி நாற்றம் கிளம்பும். பெரிய டிரம் வாங்கிச் சேமித்துவைப்பதைவிட, காலையில் வந்ததை மாலைக்குள் தீர்ப்பது மாதிரி ஏற்பாடு செய்வதே நல்லது. எனக்குத் தெரிந்து டிரம் வைத்துத் தொடங்கிய வீடுகளில் பல, அந்த நாற்றத்தாலேயே முயற்சியைக் கைவிட்டவை.

குளியல், அலசல் தண்ணீருக்கு மிக எளிமையான இடம் கழிப்பறைதான். ஃப்ளஷ் தொட்டியில் ஊற்ற வேண்டாம். சோப்பும் நாரும் வால்வில் படியும், தொட்டி நாறும். நேராகக் கோப்பையில், அரை வாளி அளவு, அதாவது ஐந்தாறு லிட்டரை ஒரே வேகத்தில் ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மட்டம் ஏறி அப்படியே நிற்கும், உள்ளே இருப்பது போகாது. வேகமாக விழுந்தால் வளைகுழாய் நிரம்பி, தண்ணீர் தானே இழுத்துக்கொண்டு போகும். தோட்டமே இல்லாத வீட்டுக்கு இதைவிடப் பெரிய மறுபயன்பாடு கிடையாது, ஏனென்றால் தினமும் வேண்டியிருக்கிற, சுத்தமான தண்ணீர் தேவையே இல்லாத ஒரே இடம் அதுதான்.

துணி துவைத்த தண்ணீரைச் செடிக்கு விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும். முதல் துவைப்புத் தண்ணீரில் டிடர்ஜென்ட் முழுசாக இருக்கும். தூள் டிடர்ஜென்ட்டில் சோடியம் கார்பனேட், சோடியம் சல்பேட் போன்ற உப்புகள் கணிசமாக உண்டு. சோடியம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை ஒன்றைவிட்டு ஒன்று பிரித்துவிடும். பிரிந்த துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். அப்புறம் ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும், காய்ந்தால் மண் பாளம் பாளமாக இறுகும். தொட்டி மண்ணில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவதும், இலை விளிம்பு பழுப்பாகக் கருகுவதும் உப்பு ஏறிவிட்டதன் அடையாளம். குளோரின் பிளீச்சும் போரான் கலந்த சலவைப் பொருளும் இன்னும் மோசம். போரான் செடிக்கு மிகச் சிறிய அளவில்தான் தேவை, கொஞ்சம் கூடினாலும் நஞ்சு.

அதனால் முதல் தண்ணீர் வாசல், குளியலறைத் தரை, கழிப்பறை என்று போகட்டும். இரண்டாவது மூன்றாவது அலசல் தண்ணீரைச் செடிக்கு விடலாம். திரவ டிடர்ஜென்ட்டில் பொதுவாகச் சோடியம் உப்பு குறைவு, தோட்டம் வைத்திருப்பவர்கள் அதற்கு மாறுவது நல்லது. எப்போதும் ஒரே செடிக்கு ஊற்றாமல் இடம் மாற்றி விடுங்கள், இடையிடையே நல்ல தண்ணீரோ மழையோ மண்ணைக் கழுவ வேண்டும். களிமண்ணில் ஏற்கனவே இறுகியிருந்தால் ஜிப்சம் போடுவது உதவும், அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். மண்ணில் விடுங்கள், இலை மேல் தெளிக்காதீர்கள். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கும், மண்ணுக்குள் விளையும் கிழங்குக்கும் வேண்டாம். வாழை, பழ மரங்கள், அழகுக்கு வளர்க்கும் செடிகள் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். கல்வாழையும் சேம்பும் ஈர மண்ணைத் தாங்குபவை, குளியலறைக் குழாய் வெளியே வந்து விழும் இடத்தில் அவற்றை நட்டு, சுற்றிலும் சரளைக்கல் போட்டுவிட்டால் தண்ணீர் மேலே தேங்காமல் இறங்கும்.

இயந்திரத்தின் வெளியேற்றுக் குழாயைச் செடிப் பாத்திக்குத் திருப்பிவிட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் குழாயின் முனை கையேட்டில் சொல்லியிருக்கும் உயரத்துக்குக் கீழே போனால், இயந்திரத்துக்குள் தண்ணீர் நிற்காமல் தானாகவே வழிந்துகொண்டே இருக்கும். இயந்திரமும் மறுபடி மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்கும். சரியான உயரத்தில் ஒரு வாளியிலோ தொட்டியிலோ விழவிட்டு, அங்கிருந்து கொண்டுபோங்கள்.

ஆர்ஓ இயந்திரம் வைத்திருக்கும் வீடுகளில் கழிவு நீர் ஒரு பெரிய விஷயம். வீட்டு ஆர்ஓ பொதுவாக ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். நாளுக்கு 10 லிட்டர் குடிநீர் எடுத்தால் 30 லிட்டர் கழிவு, 6 லிட்டர் ஃப்ளஷ் ஐந்து தடவைக்கு ஆகும். இந்தத் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று கணக்குப் போட்டுவிடலாம். உள்ளே வரும் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றால், நான்கு லிட்டரில் 1200 மில்லிகிராம். குடிநீரில் 30 போனால் மீதி 1170 மூன்று லிட்டரில் இருக்கும், அதாவது லிட்டருக்கு 390. இது பயப்படும் அளவு இல்லை, பாத்திரத்தை முதலில் அலச, தரை துடைக்க, கழிப்பறைக்கு என்று எடுக்கலாம், தரைச் செடிகளுக்கும் மாற்றி மாற்றி விடலாம். உள்ளே வருவதே 1000 என்றால் வெளியே 1300க்கு மேல் போகும். அதைச் செடிக்கு விட வேண்டாம், துடைப்பதற்கும் கழிப்பறைக்கும் மட்டும். டிடிஎஸ் மீட்டர் சின்னப் பொருள், ஒருமுறை அளந்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. ஹீட்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஆர்ஓ கழிவு நீர் ஆகாது, உப்புப் படியும்.

ஆர்ஓ தேவையா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. டிடிஎஸ் 600க்குக் கீழே இருக்கும் தண்ணீரின் சுவை பொதுவாக நன்றாகவே இருக்கும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஃபுளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் போன்றவை இல்லை என்று ஆய்வகத்தில் சோதித்துத் தெரிந்துகொண்டால், கிருமிக்கு மட்டும் புறஊதா வடிகட்டி போதும், கழிவு நீரே வராது. ஆனால் சோதிக்காமல் இந்த முடிவுக்கு வரக் கூடாது. அந்த மூன்றும் டிடிஎஸ் குறைவான தண்ணீரிலும் இருக்கலாம்.

ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவது, உப்பு ஏறக்குறைய இல்லை. புழுக்கமான பருவத்தில் இரவு முழுக்க ஓடினால் காலையில் ஒரு நல்ல வாளி அளவுக்குச் சேரும். உப்பில் நொந்துபோன தொட்டிச் செடிகளுக்கு இது அருமையான தண்ணீர், கண்ணாடி துடைக்கவும் கறை விடாது. குடிக்கவோ சமைக்கவோ கூடாது. அது வழிந்து வரும் உலோகத் தகட்டில் தூசியும் பாசியும் கிருமியும் இருக்கும். அதே காரணத்தால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்ற வேண்டாம், அதற்கு வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்)தான் சரி.

நன்னீர் மீன்தொட்டியில் மாற்றும் தண்ணீர் செடிக்கு உரம் மாதிரி, நைட்ரேட் நிறைய. காய்கறி வேகவைத்த தண்ணீர் உப்புப் போடாததாக இருந்தால் ஆறவைத்து விடலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரை எண்ணெயோடு மண்ணில் விட்டால் துளைகளில் பிசுக்கு ஒட்டும், எறும்பும் எலியும் வரும். தட்டை முதலில் வழித்து, எண்ணெய்ப் பாத்திரத்தைத் தாளால் துடைத்துவிட்டு, கடைசியாக அலசிய தண்ணீரை மட்டும் எடுங்கள்.

செடிக்குத் தண்ணீர் தேடுவதோடு, செடிக்கு வேண்டிய தண்ணீரையும் குறைக்கலாம். காய்ந்த இலை, வைக்கோல், மரச்சீவல் எது கிடைத்தாலும் மண் மேல் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டாமல். வெயிலில் ஆவியாவது வெகுவாகக் குறையும். ஊற்றும் முன் விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் இன்று வேண்டாம். மெருகு பூசாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடிவைக்கும் முறை சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது. சுற்றியுள்ள மண் காயக் காயப் பானையின் சுவர் வழியே ஈரம் கசியும், மண் நனைந்திருந்தால் கசிவு தானே குறையும். இதில் நல்ல தண்ணீரோ மழைத் தண்ணீரோதான் ஊற்ற வேண்டும், சோப்புத் தண்ணீர் நுண்துளைகளை அடைத்துவிடும்.

மழைக்கான கணக்கு மனதில் வைத்துக்கொள்ள எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2000 லிட்டர், சிதறலும் ஆவியும் போக 1600 கைக்கு வரும். கூரையின் தூசி, பறவை எச்சம் எல்லாம் முதல் ஓரிரு மில்லிமீட்டரில்தான் வரும். அதை வெளியே விட்டுவிட்டு, பிறகு பிடியுங்கள். வெளிச்சம் புகாத தொட்டியாக இருந்தால் பாசி பிடிக்காது.

எந்தத் தண்ணீரைச் சேர்த்தாலும் கொசுவை மறக்கக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். மழைத் தொட்டிக்கு நெருக்கமான வலை கட்டுங்கள். திறந்த வாளியும் செடித்தொட்டியின் அடித்தட்டும் வாரம் ஒருமுறை முழுசாகக் காலியாக வேண்டும். காலி செய்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். இந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவிடும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரை உடைக்கவோ குழாயை மாற்றவோ முடியாது, அதனால் என்ன? சாயச் சோதனை, பாட்டில், ஆங்கிள் வால்வு, குளியலறை வாளி, கோப்பையில் ஊற்றுவது எதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. தொட்டியின் ரப்பர் மூடி கசிந்தால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லுங்கள். மீட்டர் எண்ணில் இரவுக்கும் காலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிச் சொன்னால் பெரும்பாலும் உடனே ஆள் அனுப்பிவிடுவார்கள். ஏரேட்டரும் ஷவர் தலையும் திருகிக் கழற்றக்கூடியவை. ஏற்கனவே இருந்ததை ஒரு பையில் போட்டு எடுத்துவைத்து, வீட்டைக் காலி செய்யும்போது அதையே மாட்டிவிட்டு, உங்களுடையதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.